கொதிக்கும் எஞ்சினும் ஒரு விஞ்ஞான பாடமும்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, வழமைபோல இலக்கணப் பகுதியொன்றை எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டோம். ஆகுபெயர் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதியும் விட்டோம். ஆயின் ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளைகளை இறக்கிவிட வந்த தந்தையொருவரின் கார் பாடசாலை வாசலிலேயே வெண்புகை கக்கி நின்றுவிட்டது. அவர் பொனற்றைத் திறந்து, கையிற் கிடைத்த துவாயைச் சுற்றிக்கொண்டு, றேடியேற்றர் மூடியைத் திருகப் போனார். நாம் வகுப்பறையிலிருந்து ஓடிச்சென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினோம். "மாஸ்ரர், தண்ணி விடத்தானே போறன்" என்றார் அவர். அன்று இரவே ஆகுபெயரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தோம். அது அடுத்த ஆண்டும் இருக்கும்.

சிட்னியின் மேற்குப் புறத்தில் வாழும் எமக்கு மோட்டார் கார் ஆடம்பரப் பொருளன்று. அது எமது கால். அதிகாலை நான்கு மணிக்கு வெதறில் பார்க் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டியவனுக்குப் பேருந்து கிடையாது. தமிழ்ப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிற் பலர் அரைமணி நேரம் காரிற் பயணம் செய்தே வருகின்றனர். புதிதாக வந்தோர் வாங்கும் கார்களோ பெரும்பாலும் இருபது வயதைக் கடந்தவை. கோடை காலத்தில் இந்நகரின் வெப்பமும் சாதாரணமானதன்று. 2020ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவாகியது. மெல்பேணில் 2009 பெப்ரவரி 7ஆம் திகதி 46.4 பாகை. பழைய காரும் இத்தகைய வெயிலும் ஒரு மேட்டுத் தெருவும் ஒன்றுசேர்ந்தால் என்ன நிகழும் என்பதை நாம் எமது சொந்தச் செலவிற் கற்றுக்கொண்டோம்.

நாம் இந்நாட்டுக்கு வந்து முதன்முதல் வாங்கியது 1998ஆம் ஆண்டுக் கமிறி ஒன்று. தற்காலிக விசாவிலிருந்த காலம். ஆங்கிலப் புத்தாண்டு நாளன்று குடும்பத்தோடு ஹெலன்ஸ்பேர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்குச் சென்று, நண்பகல் கடந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஹீத்கோட் வீதியில் வொறனோறா ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஏற்றத்தில் ஏறும்பொழுது, வெப்பநிலை காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே போயிற்று. எமது துணைவியார்தான் முதலிற் கண்டார்.

"இஞ்சேருங்கோ, அந்த முள்ளு சிவப்புக்குப் போகுது. நிப்பாட்டுங்கோ."

"கொஞ்சம் பொறும். இந்த ஏத்தம் முடிஞ்சா இறக்கந்தானே" என்றோம்.

உண்மையில் நாம் நிறுத்தாமைக்குக் காரணம் வேறு. இழுவை வண்டிக்கு எவ்வளவு பணம் கேட்பார்கள் என்ற அச்சம்; தொலைபேசியில் எதை எந்த ஆங்கிலச் சொல்லாற் சொல்வது என்ற கூச்சம். சிறிது தூரம் செல்ல, சிவப்பிலே நின்ற முள் சடுதியாகக் கீழே விழுந்தது. குளிர்ந்த எஞ்சினைப் போல அடியிற் கிடந்தது. "பாத்தீரே, பெருமாள் கைவிடேல்லை" என்று சொல்லி மகிழ்ந்தோம். பத்துக் கிலோமீற்றர் வரை அவ்வாறே ஓடினோம். பின்னர் உலோகம் தட்டும் ஓசையொன்று கேட்டது. அதன்பின் அந்த எஞ்சின் இயங்கவில்லை.

முள் ஏன் விழுந்தது? பிள்ளைகளே, இதை நீங்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். வெப்பநிலையை அளக்கும் உணரி, நீருக்குள் மூழ்கியிருக்குமாறு அமைக்கப்பட்டது. நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். உலோகத்தின் சூட்டைத் திரவம்போல ஆவி அதனிடம் கொண்டுசென்று கொடுக்காது. ஆகவே எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் 'குளிர்' என்று காட்டும். ஊரிலே பத்தாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த ஒருவர், கரும்பலகையில் நூறு தடவை எழுதிய ஒரு விடயத்தைத் தமது காருக்குள் இருந்து காணத் தவறினார். அந்தக் காரோடு தொழிற்சாலை வேலையும் போயிற்று. அது மீளக் கிடைக்க ஐந்து மாதங்கள் சென்றன.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

பெற்றோல் ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 34 மெகாயூல் சக்தி வெளிவரும். நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும் கார், மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 272 மெகாயூல். அதை 3600 செக்கன்களால் வகுத்தால் ஏறத்தாழ 75 கிலோவாற்று. இதில் மூன்றிலொரு பங்கே, சில வேளைகளில் அதனிலும் குறைவே, சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகின்றது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 25 கிலோவாற்று, எஞ்சினைச் சூழ ஓடும் நீருக்குச் செல்கின்றது. எமது சமையலறையில் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் ஏறத்தாழ 2.4 கிலோவாற்று வலுவுடையது. அத்தகைய பத்துக் கேத்தல்கள் இடைவிடாது கொதித்துக்கொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். பொனற்றுக்குக் கீழே நடப்பது அதுவே.

சாதாரண காரொன்றில் 6 லீற்றர் அளவு குளிர்திரவம் உண்டு. அது சுற்றியோடாது நின்றுவிட்டால், அந்த 25 கிலோவாற்று வெப்பம் அதன் வெப்பநிலையைச் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் உயர்த்தும். (25 ஐ, 6 ஐயும் 4.2 ஐயும் பெருக்கிய பெறுமானத்தால் வகுத்துப் பார்க்க.) "இந்த ஏற்றம் முடியட்டும்" என்று நாம் காத்திருந்த நேரம் எத்தகையது என்பது இப்பொழுது விளங்கும்.

வெப்பம் இடம்பெயரும் மூன்று வழிகளை ஊரிலே ஆறாம் ஏழாம் வகுப்பிற் படித்தோம்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். எஞ்சினின் சுவரூடாக வெப்பம் நீருக்கு வருவது கடத்தல். சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்குவது மேற்காவுகை. பழைய கார்களில் இந்த மேற்காவுகை ஒன்றே போதுமானதாயிருந்தது. 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரி மாதிரிக் காரில், மிக ஆரம்பத்தில் வந்த வண்டிகளைத் தவிர மற்றவற்றில் நீர்ப்பம்பியே கிடையாது. சூடான நீர் தானாக எழுந்து றேடியேற்றரின் மேற்பகுதிக்குப் போய், குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியே மீளும். இன்றைய எஞ்சினின் வெப்பத்துக்கு அந்த மெல்லோட்டம் போதாது. ஆகையால் பம்பியொன்று நீரைத் தள்ளுகின்றது. இக்கார்களில் றேடியேற்றருக்கு நீர் போகும் வழியில், அல்லது திரும்பும் வழியில், தேமோஸ்ரற் என்னும் சிறு கதவு உண்டு. வெப்பநிறுத்தி எனலாம். அதன் வயிற்றில் மெழுகு அடைக்கப்பட்டுள்ளது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது கதவு மூடியிருக்கும். 82 பாகை அளவில் (காருக்குக் கார் வேறுபடும்) மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை, மெழுகு மட்டுமே. எமக்கு இந்தச் சாதனத்தின் மீது தனி மதிப்பு உண்டு.

அடுத்தது மூடி. பார்வைக்கு ஊறுகாய்ப் போத்தல் மூடியைப் போன்றது. ஆயின் அதனுள்ளே வில்லோடு கூடிய வால்வு இருக்கின்றது. அது உள்ளேயிருக்கும் அமுக்கத்தை வளிமண்டல அமுக்கத்திலும் ஏறத்தாழ ஒரு மடங்கு கூடுதலாக வைத்திருக்கும். நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகச் சுணங்கும் என்று படித்திருப்பீர்கள். அங்கே அமுக்கம் குறைவு. பிரஷர் குக்கரில் இதற்கு மறுதலை. காரும் அவ்வாறே. மூடி நன்றாயிருந்தால் தூய நீர்கூட 120 பாகை வரையிற் கொதிக்காது. மூடியின் றப்பர் வெடித்துப் போனால், எஞ்சினில் வேறெந்தக் குறையும் இல்லாவிடினும், நீர் 100 பாகையிற் கொதித்துப் பொங்கி வழியும்.

இப்பொழுது, அந்தத் தந்தையாரின் கையை நாம் ஏன் பிடித்தோம் என்பதைக் கணக்கால் விளக்கலாம். எஞ்சினில் 6 கிலோகிராம் நீர் 115 பாகையில் இருக்கின்றது எனக் கொள்வோம். மூடியைத் திறந்ததும் அமுக்கம் விழும். கொதிநிலை 100 ஆகும். மேலதிகமான 15 பாகைக்குரிய வெப்பம் 6 × 4.2 × 15, அதாவது 378 கிலோயூல். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 2260 கிலோயூல் வேண்டும். ஆகவே 0.167 கிலோகிராம் நீர் கணப்பொழுதில் ஆவியாகும். அதன் கனவளவு ஏறத்தாழ 280 லீற்றர். ஒடுங்கிய வாய்வழியே, 280 லீற்றர் ஆவி, கொதிநீரையும் அள்ளிக்கொண்டு, மூடியைத் திறப்பவரின் முகத்தை நோக்கி வரும். துவாய் எந்த மூலைக்கு?

ஒரு ஞாபகம் குறுக்கிடுகின்றது. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதி தொடக்கம் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபொழுது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல ஒழுங்காக எரியாது. உரிய வேளைக்கு முன்னரே பற்றி, சிலிண்டருக்குள் தட்டும். அதனால் எஞ்சின் மிகச் சூடாகும். எமது ஊர் வாடகைக் கார்காரர் ஒருவர், ஆஸ்பத்திரிக்கு நோயாளி ஏற்றிச் செல்கையில் பின்னிருக்கையில் எப்பொழுதும் இரண்டு தகரம் நீர் வைத்திருப்பார். கார் கொதித்ததும் நிறுத்தி, ஒரு பூவரச மர நிழலில் சுருட்டொன்று பற்றவைப்பார். சுருட்டு முடியும் வரையில் மூடியைத் தொடமாட்டார். நோயாளியின் உறவினர் எவ்வளவு கத்தினாலும் தொடமாட்டார். சிறுவராகிய எமக்கு அது நெஞ்சிரக்கமின்மையாகத் தோன்றியது. அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எனினும் மேற்சொன்ன கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

தெருவிலே கார் கொதித்தால் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றோம். முள் வழமையான இடத்தைத் தாண்டியதும் குளிரூட்டியை நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்கி, சூடேற்றியை உச்சத்திற்குத் திருப்புங்கள். நாற்பது பாகை வெயிலில் இது கொடுமைதான். ஆயின் சூடேற்றியும் ஒரு சிறு றேடியேற்றரே, எஞ்சினின் வெப்பத்தை அது காருக்குள் இழுத்தெடுக்கும். அப்படியும் முள் இறங்காவிட்டாலோ, சிவப்பைத் தொட்டாலோ, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நெடுஞ்சாலையானால் வாகனங்கள் ஓடும் பக்கமாக இறங்காது, மறுபக்கமாகப் பிள்ளைகளை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்கச் செய்யுங்கள். ஒரு மணித்தியாலமாவது மூடியைத் தொடாதீர்கள். நியூ சவுத் வேல்சில் என்.ஆர்.எம்.ஏ., விக்ரோறியாவில் ஆர்.ஏ.சி.வி. ஆகிய அமைப்புகளின் தெருவோர உதவிக்கு அங்கத்தவராகச் சேரலாம். ஆண்டுச் சந்தாவைப் பார்த்துத் தயங்கியவர்களில் நாமும் ஒருவர். ஓர் எஞ்சினின் விலையை அதனோடு ஒப்பிட்ட பின்னரே தயக்கம் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்தபின், மறுநாட் காலை, எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும் வேளையில் ஆராய்ச்சியைத் தொடங்கலாம். வைத்தியர் நோயாளியிடம் "எப்பொழுது காய்ச்சல் வருகிறது?" என்று கேட்பதுபோல முதலில் நாமும் கேட்கவேண்டும். கார் எப்பொழுது கொதிக்கின்றது? இக்கேள்விக்குச் சரியான விடை சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

எமது இரண்டாவது கார் ஒரு கொரோலா. அது எம்-4 நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் குளிர்ச்சியாக இருந்தது. பரமற்றா வீதியில் சிவப்பு விளக்குகளில் நின்று நின்று போகையில் மட்டும் முள் ஏறியது. ஓடும்பொழுது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிரவைக்கும். நிற்கும்பொழுது அதைச் செய்யவேண்டியது விசிறி. எனவே ஐயம் விசிறியின் மீது. நாம் அதைக் கராச் ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் பொனற்றைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ஹெட் காஸ்கெற் போய்விட்டது என்றும், திருத்துவதைவிட வேறு கார் வாங்குவது மேல் என்றும் கூறினார். முதற் காரை அக்காரணத்தால் இழந்த எமக்கு நெஞ்சு திக்கென்றது. ஆயின் நிற்கும்பொழுது மட்டும் கொதிப்பதற்கும் ஹெட் காஸ்கெற்றுக்கும் என்ன பொருத்தம் என்ற கேள்வி மனத்தைக் குடைந்தது. நன்றி கூறி, காரை வீட்டுக்கு ஓட்டி வந்தோம்.

அன்று எமக்குத் துணை நின்றவன் எமது வகுப்பு மாணவன் ஒருவன்; பதினைந்து வயது. தமிழில் ஒரு பந்தி எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்பான். அவன் காரின் ஆங்கிலக் கைநூலை வாசித்தான். நாம் அதன் பொருளை விஞ்ஞானமாக்கிச் சொன்னோம். பெரும்பாலான கார்களில் குளிரூட்டியை இயக்கினால் றேடியேற்றர் விசிறியும் சுழலவேண்டும். இயக்கினோம், சுழலவில்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தோம். விசிறிக்குரிய பியூஸ் நன்றாயிருந்தது. அதனருகே றிலே எனப்படும் சிறு பெட்டி. சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த ஆளி அது. அதே எண் பொறித்த றிலே ஒன்று ஹோர்னுக்கும் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றினோம். மீண்டும் இயக்க, விசிறி சுழன்றது; ஹோர்ன் ஊமையாயிற்று. "சேர், இது... ஆளி செத்துப்போச்சு" என்றான் அவன். 'ஆளி' என்ற சொல்லை அவன் தானாக எடுத்தாண்டது அன்றே முதன்முறை. புதிய றிலேயின் விலை இரண்டு பிட்சாக்களின் விலைக்கு மேற்படவில்லை.

அவசரமாக ஓர் எச்சரிக்கை. பல கார்களில் மின்விசிறி சாவியை எடுத்த பின்னரும் தானாகச் சுழலத் தொடங்கும். ஆகவே விரல், சேலைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி எவையும் அதனருகே போகலாகாது. கலப்பின மின்கார்களில் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கக்கூடும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயிராபத்தான மின்னழுத்தம் உண்டு. அத்தகைய காரில் திரவ மட்டத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுதலையாக, தெருவில் நிற்கையில் நன்றாயிருந்து, நெடுஞ்சாலையிலோ ஏற்றத்திலோ கொதித்தால், வெப்பம் கூடுதலாகப் பிறக்கும்பொழுது அதை வெளியேற்ற முடியவில்லை என்பது பொருள். திரவம் குறைந்திருக்கலாம், றேடியேற்றரின் உட்குழாய்கள் துருவால் அடைபட்டிருக்கலாம், பம்பி தேய்ந்திருக்கலாம். வெளிப்புறத்தையும் பாருங்கள். நாட்டுப்புற வீதிகளில் ஓடிய காரின் றேடியேற்றரில் பூச்சிகளும் புல்விதைகளும் பாய் பின்னியதுபோல அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய வேகத்தில் நீர் பாய்ச்சிக் கழுவலாம். வேகமாகப் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும்.

காலையில் இயக்கி ஐந்து பத்து நிமிடங்களுக்குள்ளேயே கொதிக்கின்றதா? மேற்குழாய் சுடச்சுட இருக்க, கீழ்க்குழாய் குளிர்ந்தே கிடக்கின்றதா? அப்படியானால் தேமோஸ்ரற் திறக்கவில்லை என்று ஐயுறலாம். அதைக் கழற்றி வீட்டிலேயே சோதிக்கலாம். எமது வாழ்வில் நாம் செய்த பரிசோதனைகளுள் இதுவே மிக அழகியது. பழைய சட்டியொன்றில் நீர் வைத்து, தேமோஸ்ரற்றை நூலிற் கட்டி, சட்டியின் அடியைத் தொடாதவாறு தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றுங்கள். 82 என்று அதன்மேற் பொறித்திருந்தால் அந்த அளவில் மெல்ல வாய் திறக்கத் தொடங்கவேண்டும். இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏற நன்றாகத் திறந்திருக்கவேண்டும். கொதிநீரிலும் திறவாவிட்டால் வீசிவிடுங்கள். மீண்டும் பூட்டும்பொழுது றப்பர் வளையம் புதிதாக இருத்தல் வேண்டும். காற்று வெளியேறும் சிறு துளை இருந்தால் அது கைநூல் காட்டும் இடத்தில், பெரும்பாலும் மேற்புறமாக, வரவேண்டும். அந்தச் சட்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது. இதில் எமது துணைவியாரிடம் நாம் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். நியாயம் அவர் பக்கமே இருந்தது.

ஏனெனில் கூலன்ற் எனப்படும் திரவம் நஞ்சு. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது. நாயும் குழந்தையும் விரும்பி நக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே கொல்லும். கீழே சிந்தினால் உடனே கழுவித் துடையுங்கள். தெருவோர வடிகாலில் ஊற்றாதீர்கள். அது நேரே ஓடைக்கும் கடலுக்கும் போகும். மூடிய கலத்தில் சேர்த்துவைத்து, எங்கே கொடுப்பதென நகரசபையைக் கேட்டறியுங்கள்.

"வெறுந் தண்ணீர் விட்டால் என்ன? ஊரில் கிணற்றுத் தண்ணீர்தானே விட்டார்கள்" என்று பெற்றோர் கேட்பதுண்டு. முதற் காருக்கு நாமும் ஆறு மாதங்களாகக் குழாய்நீரே ஊற்றினோம். கூலன்றில் துருப்பிடியாது தடுக்கும் மருந்துகள் உண்டு. வெறுநீரில் அவை இல்லை. அலுமினியமும் இரும்பும் ஒரே நீரில் நின்று ஒன்றையொன்று அரிக்கும். அரித்த தூள் றேடியேற்றரை அடைக்கும். சரிபாதி கலந்த கூலன்ற், மூடியின் அமுக்கம் இல்லாமலே, ஏறத்தாழ 107 பாகை வரை கொதியாது. கலப்பதற்குப் பற்றரிக்கு விடும் கனிமநீக்கிய நீரை வாங்குங்கள். பல்பொருள் அங்காடியில் உண்டு. பச்சை, சிவப்பு என நிறத்தைப் பார்த்து வாங்காது, கைநூல் கூறும் வகையையே வாங்குங்கள். வகைகளைக் கலந்தால் சில வேளைகளில் கூழாகிவிடும். அதைவிட முக்கியமானது, எதற்காக நிரப்புகின்றோம் என்று கேட்பது. இது மூடிய சுற்று. திரவம் தானாகக் குறையலாகாது. மாதந்தோறும் குறைந்தால் எங்கோ போகின்றது. இரவிலே காரின் கீழ் ஒரு கடதாசி அட்டையை விரித்து வையுங்கள். காலையிற் காணும் ஈரத்தின் நிறமும் இடமும் பலவற்றைச் சொல்லும். குழாய் இணைப்புகளிலும், றேடியேற்றரின் பிளாஸ்ரிக் ஓரத்திலும், பம்பியின் அடியிலுள்ள சிறு துளையிலும் உப்புப் பூத்ததுபோன்ற படிவு இருக்கின்றதா என்று பாருங்கள்.

புதிதாக நிரப்பினால் உள்ளே காற்று சிக்கும். மூடி திறந்தபடி, சூடேற்றியை உச்சத்தில் வைத்து, குளிர்ந்த எஞ்சினை இயக்கி, குமிழிகள் வருவது ஓயும் வரை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். காரின் முன்புறம் சற்று உயர்ந்திருந்தால் நல்லது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திரவம் எழுந்து பொங்கத் தொடங்கினால் எஞ்சினை அணைத்து விலகிவிடுங்கள்.

கசிவு எங்கும் இல்லை, ஆயினும் திரவம் குறைகின்றது. புகைக்குழாயில் இனிப்பு மணத்தோடு வெண்புகை. ஓயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பாற்கோப்பி நிறக் களி. குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடனேயே மேற்குழாய் கல்லாக இறுகுகின்றது. இவை இரண்டு மூன்று சேர்ந்து தோன்றினால்தான் ஹெட் காஸ்கெற்றை ஐயுறவேண்டும். களி மட்டும் இருந்தால், குளிர்காலத்தில் குறுந்தூரம் ஓடும் காரில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். எமது கமிறியில் எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். அரை மீற்றர் நீள அலுமினியம் நூறு பாகை சூடேறினால் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக விரியும். இரும்போ அதில் பாதியளவே. இரண்டையும் ஆணிகள் இறுகப் பிடித்திருக்க, விரிய இடமின்றித் தலை வளைந்துவிடுகின்றது. ஒரு தலைமயிர்ப் பருமன் வளைந்தாலே நடுவிலுள்ள காஸ்கெற் நீரைத் தடுக்காது. இந்நிலையில் வீட்டுத் திருத்தம் முடிவடைகின்றது. போத்தலில் விற்கும் அடைப்பு மருந்துகளை ஊற்றுவதை நாம் விரும்புவதில்லை. ஓட்டையோடு சேர்த்துச் சூடேற்றியையும் அவை அடைக்கக்கூடும். மெக்கானிக்கிடம் செல்லுங்கள். ஆயின் வெறும் வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். சுற்றைக் காற்றால் அமுக்கிப் பார்க்கும் 'பிரஷர் ரெஸ்ற்', குளிர்திரவத்தில் எரிவாயு கலந்துள்ளதா என நீல நிறத் திரவத்தால் அறியும் 'புளொக் ரெஸ்ற்' ஆகிய இரண்டையும் செய்து காட்டும்படி கேளுங்கள். நீலம் மஞ்சளாக மாறினால் அவர் சொல்வது உண்மை. மாறாவிட்டால், நாம் செய்ததுபோல நன்றி கூறி விடைபெறலாம்.

அந்தப் பாடசாலை வாசற் காரின் முடிவைச் சொல்லவேண்டும். இரண்டு பாடவேளைகள் முடிந்து, எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்தோம். றப்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகள் பதினொருவரும் காரைச் சூழ நின்று, ஆளாளுக்கு அம்மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். தந்தையார் மற்றொருவரின் காரிற் சென்று, அதே அளவு எண் பொறித்த புது மூடி வாங்கி வந்தார். குறைந்திருந்த ஒன்றரை லீற்றரை நிரப்பினோம். அவர் அன்று மாலையே குடும்பத்தோடு வீடு சேர்ந்ததாகத் தொலைபேசியிற் சொன்னார்.

மேல்வகுப்பு மாணவருக்குரிய பயிற்சி: ஒரு காரின் மூடி பழுதடைந்து அமுக்கத்தைத் தாங்கவில்லை. அதனுள் 6 லீற்றர் வெறுநீர் 90 பாகையில் உள்ளது. ஏற்றமொன்றில் நீரோட்டம் நின்றுவிடுகின்றது. நீர் கொதிக்கத் தொடங்க எத்தனை செக்கன்கள் செல்லும்? அவ்வேளையில் உங்கள் தாயார் "நிப்பாட்டுங்கோ" என்கிறார்; தந்தையார் "கொஞ்சம் பொறும்" என்கிறார். அவர் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? விடையைத் தமிழில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வருக.